சும்மாச்செடிக்கு ஒரு மெடல்

தனம், குமாரு — என் பிள்ளைகள் ரெண்டு பேரும் முதலில் இதைப் படியுங்கள். இந்த வாரப் பத்தி உங்களுக்கு. மற்ற பிள்ளைகள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ரகசியம் எதுவும் இல்லை. இருந்தது... இனிமேல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது குமாரு கேட்டான்: "நைனா, மைக்ல உன் பேரைச் சொன்னாங்களே, நீ ஏன் மேடைக்குப் போவல?"

"இடுப்பு வலிடா" என்றேன்.

தனம் விடுவாளா? "இடுப்பு வலின்னா கைய எதுக்கு நைனா பின்னால மறைச்சிக்கினு நின்னே?"

நான் வேகமாக நடந்தேன். இடுப்பு வலிக்காரன் அவ்வளவு வேகமாக நடக்க மாட்டான் என்பது வீட்டு வாசலில்தான் எனக்கு உறைத்தது!

இடுப்பு வலி பொய். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பேனா என்றால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

என்னைத் தெரியாத புதுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. செஞ்சி பஜாரில் கயிறு, கடப்பாரை, ஆணி, சாக்கு விற்கும் கடை என்னுடையது. எட்டாம் வகுப்பு வரை படித்தவன். வாரா வாரம் எனக்கு நடந்ததை இந்த மூலையில் எழுதுகிறேன். எங்கே ல, எங்கே ள, எங்கே ழ என்பதைப் பத்திரிகை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். நல்ல மனிதர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டாக்டர் விசாலாட்சி அம்மாள் மெட்ராஸில் ஒரு காலேஜில் தாவரப் பாடம் நடத்துகிறவர். நாலு வருஷமாக ஐப்பசி மழை பிடித்தால் போதும், திண்டிவனம் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். கையில் ஒரு தகரப் பெட்டி. தோளில் ஒரு ஜோல்னாப் பை. புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. டிராவலர்ஸ் பங்களாவில் தங்குவார். விடிந்தால் மலை, பொழுது சாய்ந்தால் பங்களா.

பேருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால் முதல் வருஷம் பங்களா வாசலில் ஒரே கூட்டம். இருமல், சிரங்கு, மூட்டு வலி... ஒருவர் கேட்பதற்கு முன்னாலேயே நாக்கை நீட்டிக் காட்டினார். "நான் செடி டாக்டருங்க" என்று சொல்லிச் சொல்லி அந்த அம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கு வைத்தியம் பார்த்தது எங்கள் ஊர்க்காரர்கள்தான். மிளகு கஷாயம்!

என் கடைக்கு அவர் இரண்டு சாமானுக்காக வருவார். ஒன்று, சணல் கயிறு. இன்னொன்று, ஆணி மடிக்க நான் வாங்கி வைத்திருக்கும் பழைய பேப்பர். பறித்த தழையைப் பேப்பருக்கு நடுவில் வைத்து, மேலும் கீழும் பலகை கொடுத்து, கயிற்றால் இறுக்கிக் காயவைப்பாராம்.

"அப்பளம் மாதிரியாம்மா?" என்று கேட்டேன்.

"அப்பளமேதான். பொரிக்கத்தான் முடியாது" என்றார்.

போன வருஷம் ஒரு நாள், கடையில் நின்றபடியே ஒரு கட்டைப் பிரித்தார். "கோவிந்தசாமி, இது உங்க ஊர்ச் செடி. வேற எங்கேயும் நான் பாக்கல. நல்லா பாத்துக்குங்க" என்றார்.

அப்போது நான் தராசில் ஆணி போட்டுக்கொண்டிருந்தேன். வல்லத்து ஆள் ஒருவர் மாட்டுக் கயிற்றுக்காக அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "ஆமாம்மா, ரொம்ப அருமையா இருக்குது" என்றேன்.

பார்த்தேனா? கண் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது. அவ்வளவுதான். இலையா, பூவா, முள்ளா... ஒன்றும் மண்டைக்குள் போகவில்லை. நாமெல்லாம் அப்படித்தானே? கல்யாண வீட்டில் யாராவது குழந்தையைக் காட்டினால், "மூக்கு அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்குது" என்கிறோம். மூக்கைப் பார்த்துவிட்டா சொல்கிறோம்?

இந்த ஆவணியில் பேப்பரில் சேதி வந்தது. அழிந்துபோகிற நிலையில் இருக்கும் செடிகொடிகளையும் ஜீவராசிகளையும் காப்பாற்றப் பாடுபடுகிற விஞ்ஞானிகளுக்குத் தில்லியில் ஒரு விஞ்ஞான சபை மெடல் கொடுக்கிறதாம். இந்த வருஷம் அது நம் டாக்டரம்மாவுக்கு!

எதற்காக? செஞ்சி மலையில் ஒரே ஒரு சரிவில் மட்டும் இருக்கிற ஒரு செடியைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்தச் சரிவில் கல் உடைக்க விடுவதாக இருந்தபோது, மனு மேல் மனு எழுதி அதை நிறுத்தியிருக்கிறார். விதை கொண்டுபோய் மெட்ராஸில் முளைக்கவைக்கவும் பார்த்திருக்கிறார். முளைக்கவில்லை. ஆகவே அந்தச் செடி இருந்தால் இங்கே. இல்லாவிட்டால் எங்கேயும் இல்லை.

செஞ்சி என்ற பேர் பேப்பரில் வந்த பிறகு பஜாருக்குக் கால் தரையில் நிற்குமா? அன்று சாயந்திரமே ரைஸ் மில் சபாபதி அண்ணன் வீட்டில் கமிட்டி கூடிவிட்டது. தலைவரும் அவர்தான். வேறு யாரும் தலைவராக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"இத்தினி நாளு செஞ்சின்னா கோட்டை. இனிமே கோட்டையும் செடியும்!" என்றார். எல்லாரும் கை தட்டினோம்.

"அந்தம்மாவ மலைக்குக் கூட்டிக்கினு போயி, செடிகிட்ட நிக்க வெச்சி ஒரு போட்டோ புடிக்கணும். சரி... அந்தச் செடி எதுப்பா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மலைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்த இருபது ஆம்பிளைகள்!

"எனக்குத் தெரியுமே" என்றேன். "டாக்டரம்மா எங்கிட்டயே காட்டியிருக்காங்க."

பிள்ளைகளே, அது பொய் இல்லை. காட்டினார்தானே? உண்மையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. பெரியவர்கள் பாதிப் பேர் அங்கேதான் குடித்தனம் பண்ணுகிறோம்.

அந்த ஒரு வார்த்தையால் மலைப்பாதைப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரிய மனிதர் வருகிறார் என்றால் முதல் வேலை வெட்டுவது, இரண்டாவது கொத்துவது, மூன்றாவது வெள்ளையடிப்பது. ஒரு மந்திரி வந்தபோது வேப்ப மரத்துக் கிளையையெல்லாம் கழித்துவிட்டு, அப்புறம் அவர் நிற்க நிழல் வேண்டும் என்று பந்தல் போட்டவர்கள் நாங்கள். புல்லும் முள்ளும் கிடந்தால் அது மரியாதையா?

நோட்டீஸ் அடித்தார்கள். ரோஸ் பேப்பர். அடியில் 'மலைப்பாதைப் பொறுப்பு' என்று போட்டு என் பேர். நீங்கள் ரெண்டு பேரும் சோற்றுப் பருக்கை தடவி அதைச் சுவரில் ஒட்டினீர்கள். தனம், நீ சினேகிதிகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை நாலு ஆளோடு சந்திரகிரிக் குன்றுப் பக்கம் ஏறினேன். டாக்டரம்மா போய் வருகிற ஒற்றையடித் தடம் எனக்குத் தெரியும்.

"ஒரு முள்ளு இருக்கக் கூடாது. மெடல் வாங்கினவங்க, பட்டுப் புடவையில வருவாங்க" என்றேன்.

வெட்டித் தள்ளினார்கள். தடம் முடிகிற இடத்தில் இரண்டு பெரிய பாறை. நடுவில் ஒரு சின்னத் திட்டு. அதில் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் முள்செடி. பச்சை கூட ஒழுங்கான பச்சை இல்லை, சாம்பலைத் தூவிவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு ஒரு கொடி. அதன் நுனியில் சிவப்பும் மஞ்சளுமாக, அடுப்புத் தீ மாதிரி ஒரு பூ!

"இதான்!" என்றேன்.

மெடல் வாங்கின செடி வேறு எப்படி இருக்கும்? பார்த்தாலே தெரியவில்லையா?

கொடிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தேன். சுற்றிலும் கல் அடுக்கினேன். முள்செடிகளைத் தரையோடு தரையாக வெட்டச் சொன்னேன். மேலே ஆற்று மணல் பரப்பினேன். மணல் நடுவில் ஒரு போர்டு — 'பரிசு பெற்ற அரிய செடி இங்கே உள்ளது.' போர்டு ஆடாமல் நிற்கக் கடப்பாரையால் நானே குழி போட்டேன். கடப்பாரை நம் கடைச் சரக்கு. நன்றாக இறங்கியது.

கீழே வந்து நிமிர்ந்து பார்த்தேன். பாதைக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு, மாப்பிள்ளை வேட்டிக் கரை மாதிரி மலை மேல் ஏறிப்போனது. என்ன அழகு... என்ன அழகு!

சனிக்கிழமை மத்தியானம் கடை வாசலில் ஒரு கூடை 'தொப்'பென்று இறங்கியது. அஞ்சலையம்மா.

அஞ்சலையம்மாவை பஸ் ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். மலையடிவாரத்தில் குடிசை. காணி நிலம் கிடையாது. மலைதான் நிலம். விறகு பொறுக்குவார், சீத்தாப்பழம் பறித்துவந்து பஸ் ஜன்னல் ஜன்னலாக விற்பார். அந்தக் குரல் இருக்கிறதே... அவர் நிற்கும்போது டிரைவர்கள் ஹாரன் அடிப்பதில்லை. தேவைப்படுவதில்லை.

"மொதலாளி! மேல அந்தச் சும்மாச்செடிய எவன் வெட்டினான்?"

"எந்தச் செடி?"

"சும்மாச்செடிதான். பாறை ரெண்டுக்கும் நடுவால கெடந்திச்சே."

"அந்த முள்ளா? நான்தான் வெட்டச் சொன்னேன். பாதை எப்பிடி இருக்குது, பாத்தியா?"

"பாதைய நீயே வெச்சிக்கோ. நாளைக்கு அந்தம்மா வந்து கேட்டா இன்னா சொல்லுவே?"

"அந்தம்மா எதுக்கு முள்ளக் கேக்கப் போறாங்க?"

அஞ்சலையம்மா என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"நாலு வருசமா அத்தத்தான மொதலாளி குந்திக்கினு பாத்துச்சு! கண்ணாடி வெச்சிப் பாக்கும், இலைய எண்ணும், நோட்டுல எழுதும். நானே கேட்டேன். 'இன்னாம்மா இருக்குது அதுல? அடுப்புல வெச்சா பொகையுது. ஆடு மோந்து பாத்துட்டுத் தும்முது. சும்மாத்தான கெடக்குது'ன்னேன். 'இது இங்க மட்டுந்தான் இருக்குது அஞ்சல'ன்னுச்சு."

"அப்போ... நான் குங்குமம் வெச்சது?"

"அதுவா? கண்வலிப்பூடு! வேலிக்கு வேலி கெடக்குது. கெழங்கத் தின்னா ஆளு காலி. அதுக்குப் போயி பொட்டு வெச்சி, கல்லு கட்டி..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. சிரிப்பு. கோபமாக வந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் கூடை மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் மலை ஏறினேன்.

மணலைக் கையால் தள்ளினேன். கட்டைவிரல் கனத்துக்கு வெட்டுப்பட்ட அடிக்கட்டை. இன்னொன்று. இன்னொன்று... பதினொன்று எண்ணினேன். பன்னிரண்டாவது இருந்த இடத்தில் என் போர்டு நின்றுகொண்டிருந்தது.

"வேற எங்கயாச்சும் இருக்குதா அஞ்சல?"

"அந்தப் பாறைக்கு அப்பால மூணு இருக்குது. ஒன் ஆளுங்க கண்ணுல படல. அதான் தப்பிச்சிச்சு."

மூன்று! எத்தனை தலைமுறையாக ஒருவரும் மதிக்காமல் அது பாட்டுக்கு நன்றாக இருந்தது. ஒரே ஒரு நாள் மரியாதை செய்தோம்... மூன்று மிச்சம்.

நேராக ரைஸ் மில்லுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். சபாபதி அண்ணன் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. அஞ்சலைக்கு."

"அவ்ளோதான? அப்போ கண்வலிப்பூகிட்டயே நிக்க வெச்சி போட்டோ எடுத்துடலாம். கறுப்பு வெள்ளையில எது எதுன்னு எவன் கண்டான்?"

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமேண்ணே!"

"அவங்க பெரிய மனுசங்க, நாலு பேரு எதிருல காட்டிக்க மாட்டாங்க. மீட்டிங் முடியட்டும், மாலை வாடட்டும்... அப்பால நெதானமாச் சொல்லிக்கலாம். ஊரு மானம் கோவிந்து!"

சபாபதி அண்ணன் கெட்டவர் இல்லை. எடுத்த காரியம் நடக்கவேண்டுமே என்ற கவலை அவருக்கு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் யோசனை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது! வீட்டுக்கு வந்தேன். சுவரில் ரோஸ் நோட்டீஸ். குமாரு, நீ என் பேருக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு இழுத்து வைத்திருந்தாய். அந்தப் பேரை நாளைக்கு அடித்துவிட்டு வந்தால் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஞாயிறு காலை திண்டிவனம் பஸ் வந்தது. மேளம், நாதஸ்வரம், ரோஜாப்பூ மாலை. டாக்டரம்மா இறங்கினார். பட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அதே நூல் புடவை, அதே கான்வாஸ் ஷூ.

"மீட்டிங் பதினோரு மணிக்குத்தானே? அதுக்குள்ள மேல போய் ஒரு நடை பாத்துட்டு வந்துடறேன்" என்றார். ஊருக்கு வந்த பெண் 'முதலில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று சொல்வாளே, அந்தக் குரலில்.

சபாபதி அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். 'பேசாமல் இரு' என்று அர்த்தம். மேளக்காரர்களையும் கூட்டிக்கொண்டு கமிட்டி ஆட்கள் மட்டும் அடிவாரம் வரை போனோம். சுண்ணாம்புக் கோட்டைக் கண்டதும் டாக்டரம்மா நின்றார். சுண்ணாம்பை ஒரு தடவை, மலையை ஒரு தடவை பார்த்தார். அவர் அப்படிப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. முந்திக்கொண்டு ஓடிப்போய்ப் பாதைக்குக் குறுக்கே நின்றேன்.

"அம்மா... உங்க செடிய நான் வெட்டிட்டேன்."

தவில்காரர் அந்த நேரம் பார்த்துத்தானா ஓங்கி அடிக்கவேண்டும்?

"என்ன சொல்றீங்க? கேக்கல!" என்றார் டாக்டரம்மா, காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு.

ஒரு தப்பை ஒரு தடவை ஒப்புக்கொள்வதே கஷ்டம். எனக்கு இரண்டாம் தடவை, அதுவும் அடித்தொண்டையில்! "செடிய வெட்டிட்டேம்மா! நான்தான் வெட்டிட்டேன்!"

மேளம் நின்றது. சபாபதி அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் திட்டவில்லை.

"வேரோட புடுங்கினீங்களா, வெட்டினீங்களா?"

"வெட்டினோம்மா. தரையோட."

"நெருப்பு வச்சீங்களா?"

"இல்லம்மா. மணல்தான் கொட்டினேன்."

"சரி, வாங்க."

அதற்குப் பிறகு அவர் ஏறிய ஏற்றத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது, மாலையைக் கழற்றி என் போர்டு மேல் மாட்டிவிட்டு, மண்டியிட்டு மணலை வாரிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து வாரினேன். ஒவ்வொரு அடிக்கட்டையாகத் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தால் "ம்" என்பார். தெரியாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த 'ம்'முக்காக நான் எப்படிக் காத்துக்கிடந்தேன் தெரியுமா? பரீட்சை ரிசல்ட்டுக்குக் கூட அப்படி நின்றதில்லை. ஒன்பது தடவை 'ம்' வந்தது.

"பொழைக்குமாம்மா?"

"தெரியாது. ஐப்பசி மழை வருது. துளிர்க்கலாம், துளிர்க்காமலும் போகலாம். இதை யாரும் இதுவரைக்கும் தரையோட வெட்டிப் பாத்ததில்லையே... நீங்கதான் மொதல் ஆள்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். கொஞ்சம்தான்.

பாறைக்கு அப்பால் போனோம். மூன்று செடியும் இருந்தன. பக்கத்தில் பழக்கூடையோடு அஞ்சலையம்மா உட்கார்ந்திருந்தார்.

"விடிகாலையில வந்தேம்மா. இங்கயும் எவனாச்சும் மணல் கொட்ட வந்துட்டா இன்னா பண்றது?" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

நான் மிச்சத்தையும் சொன்னேன். கடையில் அவர் காட்டியபோது பார்க்காததைச் சொன்னேன். கமிட்டியில் 'எனக்குத் தெரியும்' என்று சொன்னதைச் சொன்னேன்.

டாக்டரம்மா கையில் இருந்த மணலைத் தட்டிக்கொண்டார். "நாலு வருஷமா வர்றேன். இந்தச் செடியைப் பத்தி இங்கிலீஷ்ல எழுதினேன். தில்லியில படிச்சாங்க, மெடல் கொடுத்தாங்க. உங்க ஊர் ஸ்கூல்ல போய் ஒரு இலையைக் காட்டினேனா? இல்லையே! அஞ்சலைக்குத் தெரியும்னா, அவங்களா வந்து கேட்டாங்க, அதனால தெரியும்."

அப்புறம் பாதையைத் திரும்பிப் பார்த்தார். "பாதை ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க கோவிந்தசாமி. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. இவ்வளவு வசதியா இருந்தா நாளைக்கு ஊரே பாக்க வரும். துளிர் விடற நேரத்துல ஒரு கால் பட்டாப் போதும்."

மீட்டிங்கில் நடந்தது நீங்களும் பார்த்ததுதான். டாக்டரம்மா மைக்கில் பேசியது கொஞ்சம்தான். "எனக்கு முன்னாலயே இந்தச் செடியைப் பாத்தவங்க, இன்னிக்கு விடிகாலையிலிருந்து அதுக்குக் காவல் இருந்தவங்க இங்க இருக்காங்க" என்று அஞ்சலையம்மாவைக் கூப்பிட்டார். அஞ்சலையம்மா கூடையோடு மேடை ஏறினார். கீழே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். "பழத்த எவன் பாத்துக்குவான்?" என்றார். தனக்குப் போர்த்திய பொன்னாடையை டாக்டரம்மா எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

"இது இன்னாத்துக்கும்மா? வெயிலு கொளுத்துது" என்றது மைக்கில் விழுந்தது. கூட்டம் சிரித்தது. பேசச் சொல்லி மைக்கை அவர் பக்கம் திருப்பினார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. அது அடுப்புக்கும் ஆவாது, ஆட்டுக்கும் ஆவாது. அதான் வுட்டுட்டேன். நீங்களும் சும்மா வுட்டுடுங்க, அது பொழைச்சிக்கும்." கூடையைக் கையால் காட்டினார். "பழம் நேத்துப் பறிச்சது. மீட்டிங் முடிஞ்சதும் போயிடாதீங்க."

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் டாக்டரம்மாதான். "நான் முப்பது பக்கத்துல எழுதினதை இவங்க ரெண்டு வரியில சொல்லிட்டாங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் சபாபதி அண்ணன் மைக்கைப் பிடித்து, "அருமையான மலைப்பாதையை அமைத்துத் தந்த திரு. கோவிந்தசாமி அவர்களே, மேடைக்கு வருக!" என்றார். நான் போகவில்லை. கமிட்டியில் நான் சொன்ன அந்த நடுவாந்தர வார்த்தை மேல் ஒரு பொன்னாடையையும் போர்த்திவிட்டால், அப்புறம் அதை உண்மை இல்லை என்று சொல்ல எனக்கே தைரியம் வராது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டேன். நகக்கண்ணெல்லாம் மணல், விரலெல்லாம் முள் கீறல். இதுதான் தனம், உன் கேள்விக்குப் பதில்.

மெடல் கொடுப்பது நல்ல காரியம்தான். கொடுக்காவிட்டால் எங்கள் ஊரில் இப்படி ஒரு செடி இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் பாருங்கள், மெடல் பளபளவென்று இருக்கிறது. செடி சாம்பல் நிறத்தில் இருக்கிறது. கண் எதன் மேல் போகும்? வாங்கினவரைப் பாராட்ட ஓடுகிறோம், எதற்காக வாங்கினாரோ அதை மிதித்துக்கொண்டு. மேடையும் மைக்கும் உள்ள எல்லா ஊரிலும் இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று சபாபதி அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

"என் பேரையும் போடுவியா?"

"போடுவேண்ணே."

"அப்போ மில்லையும் சேத்துப் போட்டுடு" என்றார்.

போட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. செவ்வாய்க்கிழமை காலை, கடை திறக்கிறதற்கு முன்னால், யாரிடமும் சொல்லாமல் தனியாக மலைக்குப் போனேன். முதலில் அந்த மூன்று செடிக்கு முன்னால் உட்கார்ந்து நன்றாகப் பார்த்தேன். இலைக்கு அடியில் வெள்ளையாக, பூனைக்குட்டி வயிறு மாதிரி மெத்தென்று இருக்கிறது. தொட்டுப் பார்க்க ஆசை. தொடவில்லை. போர்டைப் பிடுங்கிச் சாய்த்தேன். வியாழக்கிழமை வெட்டி ஓரமாகக் குவித்திருந்த காரை முள்ளையெல்லாம் இழுத்து வந்து, பாதை முடிகிற இடத்தில் பாறைக்குப் பாறை, நெஞ்சு உயரத்துக்கு அடைத்தேன். இடுக்கு விடாமல் அடைத்தேன். கால் நுழையாது, ஆடு நுழையாது. நான் போட்ட பாதையை நானே மூடியாகிவிட்டது. திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டு இறங்கலாம் என்று திரும்பினால்... அடைப்புக்கு உள்ளே நான். பாதை வெளியே!

பாறை மேல் உட்கார்ந்து சறுக்கித்தான் வந்தேன். வேட்டி அங்கேதான் கிழிந்தது — உங்கள் அம்மாவிடம் கடை ஆணியில் மாட்டியது என்று சொல்லியிருக்கிறேன், அதை மட்டும் நீங்கள் திருத்தவேண்டாம்.